பேர் வெட்டிய பாத்திரமும் வெள்ளை யானையும்

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு பூர்வீக வீட்டில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் 22 பேர் கூடுகிறார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழ்நாடு–கேரள எல்லையான களியக்காவிளைக்கு இப்புறத்தவர்; மீதிப்பேர் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று அப்புறம் வாழ்க்கைப்பட்டும் வேலை பார்த்தும் தங்கிவிட்டவர்கள். எல்லார் வீட்டுப் பரணிலும் பால்காய்ப்பு என்ற புதுமனை புகுவிழாவுக்கும் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் வந்த, இன்னும் பிரிக்கப்படாத பெட்டிகள் கிடக்கின்றன. இவற்றை ஒரு விளையாட்டாக வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், பெரியவர்கள் தயங்குகிறார்கள். மனத்தாங்கல் வராமல் இதை நடத்துவது எப்படி? வளைகுடாவிலிருந்து வரமுடியாதவரை இதில் சேர்ப்பது எப்படி?

எங்கள் குடும்பத்தில் 11 ஆண்டுகளாக இதை நடத்திவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மனத்தாங்கல் வருவது விளையாட்டின் விதிகளால் அன்று, கணக்கால்தான் வருகிறது. மொய் என்று மற்ற ஊர்களிலும் சுருள் என்று எங்கள் பக்கத்திலும் சொல்லப்படும் வழக்கத்தில் யார் எவ்வளவு வைத்தார் என்பது நோட்டில் ஏறுகிறது. பொருளாக வந்தவை நோட்டில் ஏறாவிட்டாலும் வீட்டுப் பெண்களின் நினைவில் அதைவிடத் துல்லியமாக ஏறிவிடுகின்றன. ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தால் அது மணி காட்டுவதற்கு முன்னால் கொடுத்தவரின் முகத்தைக் காட்டும். எனவே ஒரு பொருள் கைமாற வேண்டுமானால், அதற்கு முன்பு அதிலிருந்து கொடுத்தவரின் பெயர் கழன்றுவிட வேண்டும். நான் கீழே சொல்லப்போகும் ஏற்பாடுகள் எல்லாம், கூர்ந்து பார்த்தால், அந்தப் பெயரைக் கழற்றுவதற்கான வழிகளே.

பெயர் என்று நான் சொல்வது உருவகமாக மட்டும் அன்று. நாங்கள் இந்த விளையாட்டைத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், செய்தித்தாளில் பொதிந்து சணல் கட்டியிருந்த ஒரு பொதியை என் தம்பி மகன் பிரித்தான். உள்ளே ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. ஒருமுறைகூட அடுப்படிக்குப் போகாத பளபளப்பு. அவன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டியபோது, அடிவிளிம்பை ஒட்டி, பாத்திரக் கடைகளில் சிறு உளியால் புள்ளி புள்ளியாக வெட்டுவார்களே, அந்த எழுத்தில் கொடுத்தவரின் பெயரும் ஊரும் திருமண நாளும் இருந்தன. பெயருக்கு உரியவரான பெரியம்மை மூன்று நாற்காலி தள்ளி அமர்ந்திருந்தார். “இது நான் பேரு வெட்டிக் குடுத்ததாக்கும்” என்று மட்டும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. கொண்டுவந்தது யார் என்று யாரும் கேட்கவும் இல்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் அந்தத் தேதியில் திருமணம் நடந்தது ஒரே ஒரு தம்பதிக்குத்தான். அந்த ஆண்டு விளையாட்டு அத்துடன் முடிந்தது, சாப்பாடு மட்டும் நடந்தது. அடுத்த ஆண்டிலிருந்து எங்கள் முதல் விதி, பொதியைக் கட்டும் முன் பாத்திரத்தின் அடியையும், புத்தகத்தின் முதல் பக்கத்தையும், பெட்டியின் உள்மடிப்பையும், கடிகாரத்தின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும் என்பதாயிற்று. பெயர் வெட்டிய பாத்திரம் விளையாட்டுக்கு வரக் கூடாது. அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் கொடுத்தவரிடமே சொல்லிவிட்டு வேறொருவருக்குக் கொடுங்கள்.

இனி விளையாட்டு. பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு விளையாட்டுகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கேரளத்துப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ‘கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட்’ என்றும், சென்னைப் பக்கத்துக் கல்லூரிகளில் ‘கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட்’ என்றும், உலகின் பிற இடங்களில் ‘சீக்ரெட் சாண்டா’ என்றும் வழங்குவது ஒன்று: சீட்டெடுத்து, வந்த பெயருக்கு உரியவருக்கு மறைவாகப் பரிசு வாங்கிக் கொடுப்பது. அதில் பொருள் ஒரு குறிப்பிட்ட ஆளை நினைத்து வாங்கப்படுகிறது. எனவே வேண்டாத பொருளை அதில் தள்ளிவிட்டால் அது அவமதிப்பு. ‘வெள்ளை யானை’ என்றும், அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ‘யாங்கி ஸ்வாப்’ என்றும் அழைக்கப்படுவது மற்றொன்று: எல்லாரும் பெயர் எழுதாத ஒரு பொதியைக் கொண்டுவந்து நடுவில் வைக்க, எண் வரிசைப்படி எடுப்பதும் பறிப்பதும் நடக்கும். வேண்டாத பொருளுக்கு ஏற்றது இரண்டாவதுதான், ஏனென்றால் அதில் பொருள் யாரையும் நோக்கி வருவதில்லை. ஜெர்மானியர்கள் இந்த வேறுபாட்டைப் பெயரிலேயே காட்டிவிடுகிறார்கள்: மறைவாகப் பரிசளிப்பதற்கு ‘விக்டெல்ன்’ என்று பெயர், வீட்டுக் குப்பையை வைத்து விளையாடினால் அதன் முன்னால் ‘ஷ்ராட்’, அதாவது உடைசல், என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

வெள்ளை யானை என்ற பெயருக்குச் சொல்லப்படும் கதை எல்லாரும் அறிந்ததே. சயாம் மன்னர்கள் தங்களுக்குப் பிடிக்காத அரசவையினருக்கு வெள்ளை யானையைப் பரிசாக அளிப்பார்களாம். புனித விலங்கு என்பதால் அதை வேலைக்கும் விடமுடியாமல், விற்கவும் முடியாமல், தீனி போட்டே அந்த ஆள் அழிந்துபோவாராம். இது கதை என்ற அளவில்தான் நிற்கிறது. அந்நாட்டு மன்னர்களுக்கு வெள்ளை யானை அரசுரிமையின் அடையாளம், அதைத் தண்டனையாக வாரி வழங்கியதற்குச் சான்று இல்லை. நமக்கோ வெள்ளை யானை என்றாலே நினைவுக்கு வரவேண்டியது வேறொன்று. கொடுங்கல்லூருக்கு அருகே உள்ள திருவஞ்சைக்களத்திலிருந்து சுந்தரர் கயிலைக்கு வெள்ளை யானையின் மீதுதான் போனார், சேரமான் பெருமாள் குதிரையில் பின்தொடர்ந்தார் என்பது மரபு. எல்லைக்கு அப்புறம் கிடைத்த வெள்ளை யானை ஒருவரைக் கயிலைக்கே கொண்டுபோயிருக்கிறது. ஆங்கிலேயர் வழியாக வந்த வெள்ளை யானை மட்டும் பரணில் கட்டிப்போட்ட சுமையாகிவிட்டது. இருக்கட்டும்.

விளையாடும் முறையைச் சொல்கிறேன். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொதி கொண்டுவர வேண்டும். பொதி எண்ணிக்கையும் ஆள் எண்ணிக்கையும் சமமாக இருக்க வேண்டும். வந்தவுடன் அதை வீட்டு அறை ஒன்றில் வைத்துவிட வேண்டும். யார் எதைக் கொண்டுவந்தார் என்பது தெரியாமல் இருக்க, எல்லாவற்றையும் ஒரே வகைத் தாளில் பொதிவது நல்லது. நாங்கள் பழைய செய்தித்தாளையே வைத்துக்கொள்கிறோம். ஆனால் மலையாளச் செய்தித்தாளில் பொதிந்து வந்தால் பாறசாலைக்காரர்களுடையது என்று தெரிந்துவிடுகிறது என்பதால், தாளை இங்கிருந்தே எல்லாருக்கும் முன்கூட்டிக் கொடுத்துவிடுகிறோம். பிறகு 1 முதல் 22 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். 1ஆம் எண்காரர் ஒரு பொதியை எடுத்து அனைவர் முன்னிலையிலும் பிரிக்கிறார். 2ஆம் எண்காரர் அதைப் பறித்துக்கொள்ளலாம், அல்லது புதிய பொதி ஒன்றைப் பிரிக்கலாம். இப்படியே வரிசை போகும். பறிகொடுத்தவர் வேறொருவரிடமிருந்து பறிக்கலாம், அல்லது புதியதைப் பிரிக்கலாம். ஆனால் தம்மிடமிருந்து போனதையே உடனே திரும்பப் பறிக்கக் கூடாது. புதிய பொதி பிரிக்கப்படும்போது அந்த முறை முடிந்து, அடுத்த எண்ணுக்குப் போகிறது.

இந்த அளவில் விட்டால் ஆட்டம் எங்கேயோ போய்விடும் என்பதால் இரண்டு கட்டுப்பாடுகள் தேவை. ஒரே முறையில் ஒரு பொருள் ஒருமுறைதான் பறிக்கப்படலாம் என்று வைத்துக்கொண்டால்கூட, 10ஆம் எண்ணின் முறையில் 9 பறிப்புகளும் 22ஆம் எண்ணின் முறையில் 21 பறிப்புகளும் நடக்க இடமுண்டு. மொத்தமாகக் கூட்டினால் 231. ஒரு பறிப்புக்கு அரை நிமிடம் என்றால்கூட இரண்டு மணி நேரத்தை நெருங்கிவிடும். நம் வீடுகளில் ஒரு பறிப்பு அரை நிமிடத்தில் முடிந்ததாக எனக்கு நினைவில்லை. எனவே ஒரு பொருள் மொத்தத்தில் மூன்றாம் முறை கைமாறியதும் அது பூட்டப்பட்டது, வைத்திருப்பவருக்கே உரியது என்றும், ஒரு முறைக்குள் மூன்று பறிப்புக்கு மேல் கூடாது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 11 பேராக இரண்டு வட்டமாகப் பிரித்தால் இன்னும் நல்லது. ஆனால் அப்போது எல்லைக்கு இப்புறம் ஒரு வட்டம், அப்புறம் ஒரு வட்டம் என்று பிரித்துவிடாதீர்கள்.

கடைசி எண்காரருக்கு எல்லாப் பொருளும் கண்முன் விரிந்து கிடக்கும். முதல் எண்காரருக்கோ தேர்வே இல்லை. இதைச் சரிக்கட்ட, ஆட்டம் முடிந்தபின் 1ஆம் எண்காரர் ஒருமுறை மட்டும், தம் கையில் இருப்பதைக் கொடுத்து, பூட்டப்படாத எந்தப் பொருளையும் வாங்கிக்கொள்ளலாம் என்பது நெடுநாள் வழக்கம். பெரியவர்களுக்குக் கடைசி எண்களை ஒதுக்கிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். நான் அதற்கு உடன்படுவதில்லை. ஒதுக்கினால் அது மரியாதைக் கணக்காகி, யார் யாருக்கு மூத்தவர், சம்பந்தி வீட்டாருக்கு எத்தனையாவது எண் என்று பேச்சு வளரும். எல்லாரும் குலுக்கியே எடுக்கட்டும். எடுத்தபின், 21 வந்த இளையவன் தன் சீட்டை விரும்பி மாமாவிடம் கொடுத்தால் அதைத் தடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவு விதி எதற்கு, எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, விருப்பப்பட்டவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள் என்றால் போதாதா என்று நியாயமாகவே கேட்கலாம். அது நடக்காது என்பதை நாங்களே முயன்று பார்த்திருக்கிறோம். ஏன் நடக்காது என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. 1989இல் ஜாக் நெட்ச் என்ற பொருளியலாளர் வெளியிட்ட சோதனை இது: ஒரு வகுப்பு மாணவர்களுக்குக் காப்பிக் கோப்பை ஒன்றைக் கொடுத்து, சிறிது நேரம் கழித்து அதற்குப் பதில் சாக்லேட் வேண்டுமா என்று கேட்டார், 89 விழுக்காட்டினர் கோப்பையையே வைத்துக்கொண்டார்கள். இன்னொரு வகுப்புக்கு முதலில் சாக்லேட்டைக் கொடுத்துக் கோப்பை வேண்டுமா என்றபோது 90 விழுக்காட்டினர் சாக்லேட்டை விடவில்லை. எதையும் கொடுக்காமல் தேர்ந்தெடுக்கச் சொன்ன வகுப்பிலோ ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்தார்கள். கையில் வந்துவிட்டால் மனம் பற்றிக்கொள்கிறது. வேண்டாத பொருளானாலும், தானாக நீட்டமாட்டோம். பறிப்பு என்ற விதி இருக்கிறதே, அது அந்தப் பிடியை நமக்காக வேறொருவர் தளர்த்திவிடும் ஏற்பாடு. போனது என் விருப்பத்தால் அன்று, எண்ணால் போனது. எனவே விட்டுக்கொடுத்த வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

தளர்த்துவதில் ஆதாயம் உண்டா என்றால் உண்டு. 1993இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பெற்ற மாணவர்களிடம் அந்தப் பொருளுக்குத் தாங்களாக என்ன விலை கொடுத்திருப்பீர்கள் என்று கேட்டுக் கணக்கிட்டபோது, விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பெறுபவரிடம் வந்து சேரும்போதே வீணாகிவிடுவதாகக் கண்டார். எங்கள் வீட்டில் ஒரு முறை ஆறு தேநீர்க் கோப்பைகள் கொண்ட கண்ணாடித் தொகுதி, ரப்பர் தோட்டத்தில் தனியாகத் தங்கியிருக்கும் சித்தப்பாவின் பொதியிலிருந்து வந்து, மாலையில் பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடம் சொல்லித்தரும் மைனியிடம் சேர்ந்தது. அவர் கொண்டுவந்த ஒற்றை ஆளுக்கான சிறு ஃப்ளாஸ்க் சித்தப்பாவிடம் போயிற்று. இரண்டு பொருளும் இரண்டு பரணிலும் சும்மா கிடந்தவை. இன்று இரண்டும் தினமும் கழுவப்படுகின்றன.

கொடுத்தவருக்குத் தெரிந்தால் வருந்துவாரே என்பதுதான் பெரியவர்களின் முக்கியத் தயக்கம். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கேப்ரியல் ஆடம்ஸ், ஃப்ரான்சிஸ் ஃப்ளின், மைக்கேல் நார்ட்டன் ஆகிய மூவர் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, வந்த பரிசை மற்றொருவருக்குக் கொடுத்தால் முதலில் கொடுத்தவர் மிகவும் புண்படுவார் என்று பெறுபவர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் கொடுத்தவர்கள் அந்த அளவுக்குப் பொருட்படுத்துவதில்லை. தாங்கள் கொடுத்ததைக் குப்பையில் எறிவதுதான் அவர்களைப் புண்படுத்துகிறது. இதை அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்த நான் தயங்குவேன். அந்த ஆய்வுக்கு உள்ளானவர்களிடம் சுருள் நோட்டு இல்லை. எனினும் ஒரு பகுதி இங்கும் உண்மை: அந்தத் தூக்குவாளிப் பெரியம்மையிடம் நான் பிற்பாடு பேசியபோது, அதை வேறொருவருக்குக் கொடுத்தது அவருக்குக் குறையாகப் படவில்லை, கொடுத்தது தன் பெயரோடு சபையில் கவிழ்ந்து கிடந்ததுதான் குறை. “சொல்லிட்டுக் குடுத்திருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே பிள்ளே” என்றார்.

ஆகவே, கடந்த இரண்டு ஆண்டுக்குள் வந்த பொருளைக் கொண்டுவராதீர்கள். கொடுத்தவரே விளையாட்டில் இருக்கிறார் என்றால் எத்தனை ஆண்டானாலும் கொண்டுவராதீர்கள். இதற்கு மேல் கட்டாயம் வைக்க வேண்டியதில்லை. விலை வரம்பு என்பது, வேண்டாத பொருளை மாற்றும் விளையாட்டுக்குப் பொருந்தாது, ஏனென்றால் யாரும் எதையும் வாங்குவதில்லை. ஆனால் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லையே என்பவர் கடைக்குப் போனால் 200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று சொல்லிவையுங்கள். ஒருவர் ஆயிரத்துக்கு வாங்கிவந்தால் அடுத்த ஆண்டு எல்லாரும் ஆயிரம் செலவழிப்பார்கள், பரணில் இருப்பது பரணிலேயே இருக்கும்.

எவை வரலாம் என்பதில் நம் பகுதிக்கே உரிய சில எச்சரிக்கைகள் உண்டு. வளைகுடாவிலிருந்து வந்த மின்பொருள்களே பெரும்பாலான வீடுகளின் பரணை நிறைக்கின்றன. துபாயில் வாங்கிய இஸ்திரிப்பெட்டிக்கும் மிக்ஸிக்கும் மூன்று சதுரக் கால் கொண்ட பிளக் இருக்கும். அங்கும் மின்னழுத்தம் நம்முடையதைப் போன்றதே என்பதால், பிளக்கை மாற்றினால் போதும். அமெரிக்காவிலிருந்து வந்தது அப்படியன்று. அது 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகியவுடன் கருகிவிடும். பின்புறத் தகட்டில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் எங்கும் ஓடும். இதைப் படித்துப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பொருளோடு வைப்பது கொண்டுவருபவரின் பொறுப்பு. பழைய பிரஷர் குக்கரைக் கொண்டுவந்தால் வாஷரும் பாதுகாப்பு வால்வும் புதிதாக இருக்க வேண்டும். கோடாலித் தைலம், வாசனைத் திரவியம் போன்றவற்றில் காலாவதி மாதத்தைப் பாருங்கள். சேலை வரலாம், தைத்த துணி வேண்டாம்; அது ஒருவருக்குப் பொருந்தாதபோது அவர் உடம்பைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது.

கேக் தனிக் கதை. 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தார் என்று சொல்வார்கள். அன்று தொடங்கிய பிளம் கேக்கின் பெருக்கம் இன்று டிசம்பர் 26 அன்று ஒவ்வொரு வீட்டிலும் ஐந்தாறாக வந்து நிற்கிறது. அவற்றை விளையாட்டில் சேர்க்காமல் மேசையில் வெட்டி வைத்துவிடுங்கள். இன்னொன்று, அப்புறத்து மச்சான் ஒருவர் கேரள அரசின் கிறிஸ்துமஸ் – புத்தாண்டு பம்பர் சீட்டைப் பொதிக்குள் வைத்திருந்தார். அங்கே அரசே 1967 முதல் லாட்டரி நடத்துகிறது. இங்கே 2003 முதல் விற்பனைக்குத் தடை. சட்டத்தை விடுங்கள். அந்தச் சீட்டு நான்கு கை மாற முயன்றது, மூன்றாவது கைமாற்றத்திலேயே பூட்டப்பட்டது, பறிகொடுத்தவர்கள் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு குலுக்கல் நாள் வரை காத்திருந்தார்கள். பரிசு விழவில்லை. விழுந்திருந்தால் இந்தப் பதிலை எழுத நான் தகுதி உள்ளவனாக இருந்திருப்பேனா என்பது ஐயமே.

பறிப்பு என்ற சொல்லே சில பெரியவர்களுக்கு ஒவ்வாது. பேரப்பிள்ளையின் கையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வதா என்று அம்மச்சிமார் சும்மா அமர்ந்துவிடுவார்கள். அவர்களுக்காக நாங்கள் ஆட்டத்தின் முன்பகுதியாக வேறொன்று வைக்கிறோம். எல்லாரும் வட்டமாக அமர்ந்து, கட்டவிழ்க்காத பொதி ஒன்றை மடியில் வைத்துக்கொள்ள, ஒருவர் ஒரு சிறு கதையை உரக்கப் படிப்பார். கதையில் ‘இடது’ என்ற சொல் வரும்போதெல்லாம் பொதியை இடப்பக்கத்தவரிடமும் ‘வலது’ என்று வரும்போது வலப்பக்கத்தவரிடமும் கொடுக்க வேண்டும். இரண்டு சொல்லும் தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றே என்பதால் திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் தடையின்றிச் சேர்ந்துகொள்கிறார்கள். கதை எழுதுபவர் எண்ணிக்கையில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: இடது 17 முறையும் வலது 10 முறையும் வந்தால் ஒவ்வொரு பொதியும் ஏழு இருக்கை தள்ளிப் போய்ச் சேரும், இரண்டும் சம எண்ணிக்கையில் வந்தால் எல்லாருக்கும் அவரவர் மடியில் முதலில் இருந்ததே திரும்பிவிடும். ஒரு முறை என் கதையில் களியக்காவிளைச் சந்தையில் ஒரு ‘இடதுசாரி’ ஊர்வலம் வந்தது. அதற்குப் பொதியை நகர்த்த வேண்டுமா என்று பாறசாலைச் சேட்டன்மார் இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதிட்டதில் சாம்பார் ஆறிவிட்டது.

பிள்ளைகள் இதோடு ‘கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட்’ ஒன்றும் வேண்டும் என்றால், சீட்டெடுப்பதில்தான் தொல்லை. பெயர்ச் சீட்டுகளைக் குலுக்கி எடுத்தால், யாருக்கும் தம் பெயரே வராமல் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 37 விழுக்காடுதான். ஆட்கள் ஐந்தானாலும் இருபத்திரண்டானாலும் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. அதாவது பத்தில் ஆறு தடவைக்கு மேல் யாராவது ஒருவர் “எனக்கு நானே” என்று சொல்லித் திருப்பிப் போடுவார்; திருப்பிப் போட்டதைப் பார்த்து மற்றவர்கள் பாதியைக் கணித்துவிடுவார்கள். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. 22 அட்டைகளில், மேல்பாதியிலும் கீழ்ப்பாதியிலும் ஒரே எண்ணை எழுதுங்கள். கவிழ்த்துக் கலைத்து வரிசையாக அடுக்கி, எல்லாவற்றையும் குறுக்கே இரண்டாக வெட்டிவிடுங்கள். மேல்வரிசை அப்படியே இருக்க, கீழ்வரிசையை மட்டும் ஓர் இடம் நகர்த்தி, கடைசியில் வெளியே நிற்கும் துண்டை முதல் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது மேலும் கீழுமாக இருப்பவற்றைச் சேர்த்து ஆளுக்கு ஒரு சோடி எடுக்கட்டும். மேல்துண்டு உங்கள் எண். கீழ்த்துண்டு நீங்கள் பரிசு வாங்க வேண்டியவரின் எண். சுவரில் ஒட்டிய தாளில் அவரவர் எண்ணுக்கு நேரே பெயரை எழுதிவிட்டால் முடிந்தது. தம் எண் தமக்கே வர வழியில்லை. கணவனுக்கு மனைவி வந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், வரட்டும்.

விளையாட்டுக்குப் பிறகும் சில பொருள்கள் யாருக்கும் வேண்டாமல் நிற்கும். அவற்றை வற்புறுத்திக் கட்டியனுப்பாதீர்கள். வாசல் திண்ணையில் ஒரு பெஞ்சைப் போட்டு வைத்துவிடுங்கள். போகும்போது யார் பார்வையும் படாமல் எடுத்துக்கொள்ள விரும்புபவர் எடுத்துக்கொள்வார். விளையாட்டில் வெட்கப்பட்ட அம்மச்சிமார் இந்த பெஞ்சிலிருந்துதான் நல்லவற்றை எடுத்துப்போகிறார்கள் என்பது என் நெடுநாள் கணிப்பு. ஈரானின் மஷாத் நகரில் 2015இல் ஒரு சுவரில் ஆணியடித்து ‘வேண்டாதவர் மாட்டுங்கள், வேண்டியவர் எடுங்கள்’ என்ற வகையில் தொடங்கிய கருணைச் சுவரும் இதே எண்ணம்தான். நம் பக்கத்து நெல்லையிலும் ‘அன்புச் சுவர்’ என்று வைத்தார்கள். ஜனவரி முதல் வாரம் வரை பெஞ்சில் கிடப்பதை பழைய சாமான் வாங்கும் கடைக்கு, அதாவது இப்புறத்தவர் ஆக்கர் கடைக்கும் அப்புறத்தவர் ஆக்ரிக்கடைக்கும் போட்டுவிடலாம். உங்கள் பகுதித் தேவாலயத்திலோ முதியோர் இல்லத்திலோ கொடுப்பதானால் முன்பே கேட்டுவிட்டுக் கொடுங்கள். அவர்களிடமும் ஏற்கெனவே பன்னிரண்டு சுவர்க்கடிகாரம் இருக்கும்.

கடைசியாக, வளைகுடாவிலிருந்து வரமுடியாதவரைச் சேர்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீடியோ அழைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கும் ஒரு சீட்டு எடுங்கள், அவருடைய வீட்டுப் பரணிலிருந்து மனைவியோ அம்மையோ ஒரு பொதி கொண்டுவரட்டும், அவருக்காக எடுப்பதும் பறிப்பதும் கூட்டத்தில் மிக இளையவரின் வேலை. மஸ்கட்டில் இருக்கும் என் அத்தானுக்காக மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஏழு வயதுப் பெண் ஒருத்தி பறித்து வைத்தது ஒரு தேங்காய்த் துருவி. மேசையில் கவ்வி நிற்கும் வகை, கைப்பிடி பச்சை. வைகாசியில் வருகிறேன், எடுத்துக்கொள்கிறேன் என்றார். வந்தார், இரண்டு முறை வந்துபோனார். துருவி இன்னும் எங்கள் பரணில்தான் இருக்கிறது, அதன் மேல் அவர் பெயரை எழுதி ஒட்டியிருப்பதால் விளையாட்டுக்கும் கொண்டுவர முடியவில்லை.